ஒரே கேஸ், ஐந்து பேர், நான்கு 'ஏன்': நாங்கள் செய்வதில் எவ்வளவு நம்பலாம்?

கல்லடிப் பாலத்தடி (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். மட்டக்களப்பில் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் கூடிக் கேஸ் கதைப்போம். கிரமமான மேற்பார்வை கிடைப்பதில்லை, அதனால் எங்களுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு. நேற்று நடந்தது இன்னும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வெளியூர்ப் பயிற்றுநர் ஒருவர் முன்பு எழுதித் தந்த கற்பனைக் கேஸ் ஒன்றை எடுத்தோம். உண்மையான ஆள் இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன். 41 வயது மீனவர். நான்கு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி விறாந்தையில் குந்தியிருப்பார். நெஞ்சு படபடப்பு, ஈசிஜி எடுத்ததில் பிழை ஒன்றுமில்லை. பின்னேரமானால் குடி. மனைவியின் வீட்டில் வசிக்கிறார். மூத்த மகளுக்கு 17 வயது. 2004 சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர். நுண்கடன்காரருக்குக் கட்ட வேண்டிய கிழமைக் காசு மூன்று தவணை பிந்திக் கிடக்கிறது. "எனக்கு ஒன்றுமில்லை, மனிசிதான் இழுத்துக்கொண்டு வந்தா" என்கிறார்.

ஆளுக்கொரு தாள், கதைக்காமல் இருபது நிமிடம். இவருக்கு என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, எது அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுத வேண்டும். கேஸ் போர்முலேசன் என்று படித்தோமே, அதுதான்.

பிறகு தாள்களை மேசையில் விரித்தோம். 'என்ன' என்ற பகுதி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது மாதிரி இருந்தது. நித்திரைக் குழப்பம், படபடப்பு, குடி, கடன், கடலைத் தவிர்த்தல். ஐந்து தாளிலும் உண்டு. 'ஏன்' என்ற இடத்தில்தான் ஆட்டம் தொடங்கியது. ஒருவர், தம்பியின் இழப்பு ஆறவில்லை என்றார். இன்னொருவர், குடிதான் எல்லாம், நித்திரையைக் கெடுப்பதும் நெஞ்சைப் பதற வைப்பதும் அதுவே என்றார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க முடியாத தகப்பனின் வெட்கம் என்று நான் எழுதியிருந்தேன். மற்ற இரண்டு பேர் மட்டும் ஒத்துப்போனார்கள்: மனைவி வீட்டை அண்டி வாழ்பவர், சுயமதிப்புக் குறைந்தவர், யாரிலாவது தங்கியிருக்கும் சுபாவம் என்று.

அந்த மனிதர் உண்மையிலேயே இருந்து, எங்களில் ஒருவரின் கதவைத் தட்டியிருந்தால்? எந்தக் கதவு என்பதைப் பொறுத்தா அவருடைய வருத்தத்துக்குக் காரணம் மாறும்? இதைப் பற்றி யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?


தறிச்சத்தம்
ஞாயிறு, இரவு 9.25

தங்கச்சி, நீங்கள் ஐந்து பேரும் உலக வழக்கப்படிதான் நடந்திருக்கிறீர்கள். இதே பரீட்சையை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்து பார்த்து, உங்களைப் போலவே முழித்திருக்கிறார்கள்.

ஜாக்குலின் பெர்சன்ஸ் என்ற உளவியலாளர், பெர்ட்டக்னோலி என்பவருடன் சேர்ந்து 1999 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களின் முதல் நேர்காணலை வைத்து 47 சிகிச்சையாளர்களை சீ.பீ.ரி (எண்ணத்தையும் நடத்தையையும் பார்க்கும் சிகிச்சை) முறையில் எழுதச் சொன்னார்கள். இருக்கும் பிரச்சினைகளில் சராசரியாக 67 வீதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதாவது மூன்றில் ஒன்று கண்ணிலேயே படவில்லை. 'இவருடைய அடிமன நம்பிக்கை என்ன' என்று கேட்டபோது தனி ஆள்களுக்கிடையிலான ஒத்திசைவு 0.37 (1 என்றால் முழு ஒற்றுமை). ஐந்து பேரின் மதிப்பீட்டைச் சராசரியாக எடுத்தால் மட்டும் 0.72க்கு ஏறியது.

வில்லெம் குய்கெனும் கூட்டாளிகளும் 2005 இல் செய்தது இன்னும் பெரிது. பயிற்சிப் பட்டறைக்கு வந்த 115 பேருக்கு ஒரே கேஸ், ஒரே படிவம். கேஸில் எழுதியிருந்ததை எடுத்தெழுதும் பெட்டிகளில் நல்ல ஒற்றுமை. ஊகம் ஆழமாகப் போகப் போக ஒற்றுமை கரைந்தது. உங்கள் மேசையில் நடந்ததேதான். என்னை உறுத்தியது இன்னொரு எண்: அந்த 115 வரைவுகளில் 'பரவாயில்லை' என்ற தரத்தையாவது தொட்டவை 44 வீதம். முறையான தகுதிச் சான்று உள்ளவர்கள் கொஞ்சம் மேலாக எழுதியிருந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 1966 இல், பிலிப் சீட்ஸ் எழுதினார். சிக்காகோவில் ஆறு உளப்பகுப்பாய்வாளர்கள் மூன்று வருடமாக ஒரே குறிப்புகளைத் தனித்தனியாக வாசித்து, எழுதி, பிறகு கூடிக் கதைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பள்ளியில் தேறியவர்கள். மூன்று வருட முடிவிலும் ஒத்திசைவு வரவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்காக எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

2015 இல் ஃப்ளின் குழுவினர் இப்படியான 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சொற்ப ஒற்றுமையிலிருந்து கணிசமான ஒற்றுமை வரை எல்லாம் கிடந்தது. நீங்கள் நடுவில் எங்கேயோ நிற்கிறீர்கள்.


பொத்துவில் பஸ்
ஞாயிறு, இரவு 9.41

அப்ப எங்கட குறி பார்க்கிற ஆக்களைக் குறை சொல்லேலாது. அவர்களும் ஐந்து பேரிடம் போனால் நான்கு காரணம்தான் சொல்வார்கள். செய்வினை, கண்ணூறு, பயந்த கோளாறு, குலதெய்வக் குறை. இரண்டு பேர் ஒத்துப்போனால் அந்த இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரராக இருப்பார்கள்.


தறிச்சத்தம்
ஞாயிறு, இரவு 9.50

சிரிப்பாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் கடைசி வரியில் விசயம் இருக்கிறது. பிறகு வருகிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல்.


ஓய்வுபெற்ற கணிதம்
திங்கள், காலை 6.15

நான் உளவளத்துணைக்காரன் இல்லை. காரைதீவில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன். மகள் இந்தத் துறையில் இருப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். எண்கள் வந்துவிட்டன, இனிச் சும்மா இருக்க ஏலாது.

முதலில், எத்தனை வீதம் ஒத்துப்போனீர்கள் என்று மட்டும் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் 100 கேஸ் பார்க்கிறார்கள் என்று வைப்போம். இருவருக்குமே எதைக் கண்டாலும் 'இழப்பு' என்று எழுதும் பழக்கம், நூற்றுக்கு எண்பதில் அப்படித்தான் எழுதுவார்கள். கேஸைத் திறந்தே பார்க்காமல் எழுதினாலும் இருவரும் எத்தனையில் ஒத்துப்போவார்கள்? 0.8 தர 0.8, அத்துடன் 0.2 தர 0.2, மொத்தம் 0.68. சும்மா கிடைக்கும் ஒற்றுமையே 68 வீதம். இப்போது அவர்கள் 76 வீதம் ஒத்துப்போனதாகப் பெருமையாகச் சொன்னால், உழைத்துச் சம்பாதித்தது வெறும் 8. சம்பாதிக்க இடமிருந்தது 32. எட்டை முப்பத்திரண்டால் வகுத்தால் 0.25. இதுதான் ஜேக்கப் கோஹன் 1960 இல் தந்த கப்பா. 76 என்று கேட்டால் நல்ல பெறுபேறு, 0.25 என்று கேட்டால் மறுபடி எழுதவேண்டிய பிள்ளை. தறிச்சத்தம் சொன்ன 0.37 கப்பா இல்லை, அது ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் ஒன்றுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கும் விதம் ஒன்றுதான்.

அடுத்தது அந்த 'ஐந்து பேர் சேர்ந்தால் 0.72' என்ற கதை. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. வேளாண்மை விளைந்து நிற்கும்போது வரம்பில் நின்று, இந்தப் பூமி ஏக்கருக்கு எத்தனை மூடை தரும் என்று சொல்வார்களே, அப்படி ஒருவர் சொன்னால் ஐந்தாறு மூடை பிழைக்கும். ஐந்து பேரைக் கேட்டுச் சராசரி எடுத்தால் ஒருவரின் மிகை இன்னொருவரின் குறையைத் தின்றுவிடும். எத்தனை பேர் சேர்ந்தால் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஸ்பியர்மன், பிரவுன் இருவரும் 1910 இல் சூத்திரமே தந்துவிட்டார்கள். 0.37 உள்ள ஐந்து பேரைப் போட்டுப் பார்த்தேன், 0.75 வருகிறது. ஆய்வில் 0.72. பக்கத்தில்தான். இரண்டு பேர் என்றால் 0.54, மூன்று பேர் என்றால் 0.64. ஆள் கூடக் கூட ஏற்றம் மெதுவாகும், தேநீர்ச் செலவு மட்டும் அப்படியே கூடும்.

ஆனால் பிள்ளை, ஐந்து பேரும் ஒரே வரம்பில், ஒரே மூலையில் நின்று பார்த்தால் இந்தக் கணக்குப் பலிக்காது. அந்த மூலையில் தண்ணீர் பாய்ந்து பயிர் செழித்திருந்தால் ஐந்து பேரும் கூட்டித்தான் சொல்வார்கள். சராசரியும் கூடித்தான் வரும். ஒற்றுமையோ ஆகா ஓகோ என்று இருக்கும்.


திருக்கோவில் அலை
திங்கள், காலை 10.05

எல்லோரும் அவநம்பிக்கையின் பக்கமே இழுக்கிறீர்கள். மறுபக்கமும் சொல்லவேண்டும்.

லெஸ்டர் லுபோர்ஸ்கி 1977 இல் ஒரு முறை கொண்டுவந்தார். துணைநாடி, அதாவது உதவி தேடி வந்தவர், தன் வாயால் சொன்ன உறவுச் சம்பவங்களை மட்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்றைத் தேட வேண்டும்: இவர் என்ன விரும்பினார், மற்றவர் என்ன செய்தார், அதற்கு இவர் என்ன செய்தார். திரும்பத் திரும்ப வருவதுதான் மையக் கரு. ஆழ்மனம், குழந்தைப் பருவம் என்று பாய வேண்டியதில்லை. 1988 இல் கிறிட்ஸ் கிறிஸ்தோஃபும் லுபோர்ஸ்கியும் மற்றவர்களும் 35 பேரின் பதிவுகளில் இதைச் சோதித்தபோது கப்பா 0.61 முதல் 0.70 வரை. ஆழ்மனத்தைத் தோண்டும் உளவியக்கப் பள்ளிக்காரர்கள் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்றிருந்த காலத்தில் அது சின்ன விசயமில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் மவுண்ட் சயன் குழுவினர் இன்னும் மேலே போனார்கள். அவர்களுடைய முறையில் ஒவ்வொருவரும் எழுதியதை எல்லாம் ஒரு பட்டியலாகக் கலந்து, இந்த நோக்கம் இவருக்கு எவ்வளவு பொருந்தும், இந்தப் பயம் எவ்வளவு பொருந்தும் என்று புள்ளி போடவேண்டும். ஒத்திசைவு மிக உயர்வாக வந்தது.

ஆகவே, 'ஏன்' என்பதில் ஒத்துப்போகவே முடியாது என்பது சரியில்லை. வெறுந்தாளைக் கொடுத்து 'எழுதுங்கோ' என்றால் நான்கு கதைதான் வரும். தாளில் கோடு போட்டுக் கொடுத்தால் ஒற்றுமை வரும்.


ஓய்வுபெற்ற கணிதம்
திங்கள், காலை 10.30

கட்டுரை வினாவுக்குப் பதில் பல்தேர்வு வினா கொடுத்திருக்கிறார்கள். திருத்துகிறவர்கள் ஒத்துப்போவார்கள்தான். பிள்ளைக்கு விளங்கியதா என்பது வேறு பரீட்சை.


திருக்கோவில் அலை
திங்கள், காலை 10.52

சேர், அந்த அடி எனக்கு விழுந்ததுதான், ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் குழுவில் எல்லோரும் ஒரே கோட்பாட்டில் ஊறியவர்கள் என்ற விமர்சனமும் உண்டு. உங்கள் வரம்பு மூலை.

இருந்தாலும் ஒன்று. நோய்ப் பெயர் வைப்பதிலேயே உலகம் இவ்வளவு தடுமாறும்போது எங்களை மட்டும் ஏன் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டும்? உளநோய்களுக்குப் பெயர் வைக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம் 5 வெளிவர முதல் செய்த கள ஆய்வில், ஒரே ஆளை இரண்டு உளநலச் சிகிச்சையாளர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். பெருமனச்சோர்வு என்ற பெயருக்குக் கிடைத்த கப்பா 0.28. நெருக்கீட்டுக்குப் பின்னான மன வடுவுக்கு 0.67.


மண்முனைக்காரன்
திங்கள், பின்னேரம் 5.20

ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தத் தாளை வாசித்ததும் எனக்கு முதலில் பட்டதைச் சொல்கிறேன்.

'மனைவியின் வீட்டில் வசிக்கிறார்.' சரி, அதனால் என்ன? மட்டக்களப்பில் கலியாணம் முடித்த ஆம்பிளை வேறெங்கே வசிப்பான்? வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். தாய் தகப்பன் கடைசி மகளோடு ஒதுங்குவார்கள், அல்லது பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்வார்கள். குலம், குடி என்பதே தாய்வழி. தமிழர் மட்டுமில்லை, காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று சோனக (முஸ்லிம்) ஊர்களிலும் இதுதான் வழக்கம். என் தகப்பனும் அப்படித்தான், அவருடைய தகப்பனும் அப்படித்தான், நானும் அப்படித்தான் இருக்கிறேன். என் சுயமதிப்பில் ஒரு குறையுமில்லை, மனிசியிடம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டு பேரும் எந்தப் பக்கத்து ஆக்கள்?


கல்லடிப் பாலத்தடி
திங்கள், இரவு 8.10

அண்ணா, நான் சொல்லாமல் விட்டதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இரண்டு பேரும் வெளி மாவட்டத்திலிருந்து இடமாற்றத்தில் வந்தவர்கள். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர். அவர்களுடைய ஊரில் மாமனார் வீட்டில் தங்கிவிடும் ஆணுக்கு ஒரு பெயரே வைத்திருப்பார்கள், அந்தக் கண்ணால் வாசித்திருக்கிறார்கள்.

மண்டையில் அடித்த மாதிரி இருப்பது இதுதான்: ஐந்து பேரில் ஒத்துப்போனது அவர்கள் இரண்டு பேர் மட்டும். மேசையில் கிடைத்த ஒரே ஒற்றுமை, பிழையான ஒற்றுமை. ஐந்து பேருமே வெளியூராக இருந்திருந்தால் எங்கள் புள்ளி எங்கேயோ போயிருக்கும். கணித சேர் காலையில் சொன்ன வரம்பு மூலை இப்போதுதான் விளங்குகிறது.


தறிச்சத்தம்
திங்கள், இரவு 9.30

காய்ச்சல் குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

தங்கச்சி, அவர்களைத் தூக்கிலிட முதல் உங்கள் தாளையும் ஒருக்கால் பாருங்கள். 'மகளுக்கு வீடு கட்ட முடியாத வெட்கம்.' கேஸில் வீடு கட்டுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. 17 வயது மகள் என்று மட்டும்தான் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் போட்டு நிரப்பியிருக்கிறீர்கள். ஏனென்றால் நீங்கள் இந்த ஊர், 17 வயதில் மகள் என்றால் உங்கள் காதில் சீமெந்து விலை கேட்கிறது. நானும் உங்கள் மேசையில் இருந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். எனக்கு மூன்று மகள்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததை நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். 2005 இல் கல்முனைக் கரையில் முகாமுக்கு முகாம் ஆட்கள் வந்தார்கள். நித்திரையில்லை என்றால் சுனாமி, பிள்ளை படிக்கவில்லை என்றால் சுனாமி, புருசன் அடித்தால் அதுவும் சுனாமி. 1990 இல் போர்க்காலத்திலேயே நித்திரையைத் தொலைத்தவர்கள் அந்த வரிசையில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. அப்போது கப்பா பார்த்திருந்தால் தங்கமாக வந்திருக்கும்.


பொத்துவில் பஸ்
திங்கள், இரவு 9.44

நேற்று நான் சொன்ன கடைசி வரிக்கு இப்போது மரியாதை கிடைத்துவிட்டது. நன்றி.


எழுவான்கரை மகள்
செவ்வாய், அதிகாலை 1.35

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதுவதா வேண்டாமா என்று. நான் உங்கள் மேசையின் மற்றப் பக்கத்து ஆள். மூன்று வருடத்துக்குள் மூன்று பேரிடம் போனேன். இடம், பெயர் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதல் ஆள் இரண்டாம் சந்திப்பிலேயே, அப்பா சிறு வயதில் இல்லாமல் போனதுதான் வேர் என்றார். இரண்டாம் ஆள், நீங்கள் எதையும் பெரிதாக்கி யோசிக்கிற ஆள் என்று ஒரு படிவம் தந்தார், நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். மூன்றாம் ஆள், உங்கள் கணவர் கட்டாரில், நீங்கள் இங்கே தனியே இரண்டு பிள்ளைகளோடு, அதுதான் என்று நினைத்தார்.

மூன்றும் பொய்யில்லை. மூன்றையும் சேர்த்துப் போட்டாலும் நான் இல்லை. ஆனால் நான் அழுததற்குக் காரணம் அதில்லை. முதல் இரண்டு பேரும் சொல்லும்போது அவர்களுடைய குரலில் சந்தேகமே இருக்கவில்லை. எனக்குத்தான் என்னைத் தெரியாது போல. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து என் வாழ்க்கையை முதலில் இருந்து அடுக்கிப் பார்ப்பேன். அப்பா இறந்த வருடத்தைத் தேடி எடுத்து, அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் அதில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு அவிழ்த்து வேறு இடத்தில் கட்டவேண்டி வந்தது.

மூன்றாம் ஆள் மட்டும், "நான் இப்படி யோசிக்கிறேன், எங்கே பிழை?" என்று கேட்டா. பிழை நிறைய இருந்தது. சொன்னேன். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினா. அவவிடம்தான் இப்பவும் போகிறேன்.


கல்லடிப் பாலத்தடி
செவ்வாய், காலை 7.50

அக்கா, எழுதியதற்கு நன்றி. காலையில் கந்தோருக்கு வெளிக்கிட முதல் வாசித்தேன், கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். 'இரண்டாம் சந்திப்பிலேயே' என்ற சொல் என்னையும் சுடுகிறது. நானும் அப்படிச் சொன்னதுண்டு.


திருக்கோவில் அலை
செவ்வாய், காலை 9.15

இவர் சொன்னதற்கு ஒரு ஆய்வும் துணைக்கு வருகிறது. பால் சாட்விக் குழுவினர் 2003 இல், கடுமையான உளநோய் அனுபவம் உள்ள 13 பேரிடம் பார்த்தார்கள். சிகிச்சையாளர் வரைவை விளக்கியதும், உறவு நன்றாகிவிட்டது என்று சிகிச்சையாளர்களுக்குத் தோன்றியது. வந்தவர்களின் மதிப்பீட்டில் அப்படி ஒரு ஏற்றமும் இல்லை. சிலருக்கு விளக்கம் உதவியது. சிலருக்குக் கவலையும் பாரமும்தான் மிஞ்சியது. வரைவு யாருக்கு ஆறுதல் தருகிறது என்பதே ஒரு கேள்வி.

இன்னொன்றையும், எனக்குக் கசந்தாலும், சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் டீட்மார் ஷுல்டே குழுவினர் 1992 இல், அச்சக்கோளாறு உள்ள 120 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எல்லோருக்கும் ஒரே சிகிச்சை, பயப்படுவதை நேரில் சந்திக்க வைப்பது. அடுத்த பகுதிக்கு ஆளுக்கு ஏற்றபடி சிகிச்சையாளர் திட்டமிடலாம். மூன்றாம் பகுதிக்கு, இன்னொருவருக்காகப் போட்ட திட்டம். முதல் பகுதிதான் கூடச் சுகமானது. அச்சக்கோளாறுக்கு நல்ல மருந்து கையில் இருக்கும்போது நாங்கள் கதை பின்னப் போவது சில நேரம் வீண்வேலை.


மண்முனைக்காரன்
செவ்வாய், காலை 11.00

தையல்காரன் தைத்ததைவிடக் கடையில் வாங்கினது அளவாக இருந்திருக்கிறது.


திருக்கோவில் அலை
செவ்வாய், காலை 11.08

அச்சக்கோளாறுக்கு மட்டும் அண்ணா. எங்கள் மீனவருக்கு என்ன கோளாறு என்றே இன்னும் தெரியாது.


எழுவான்கரை மகள்
செவ்வாய், இரவு 10.20

அந்த மீனவர் பற்றி ஒன்று கேட்கலாமா? ஆய்வு ஒன்றும் இல்லை, நான் மீனவரின் மகள், அவ்வளவுதான்.

நான்கு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை என்று இருக்கிறது. எந்த நான்கு மாதம்?

கார்த்திகை, மார்கழி, தை என்றால் மாரி. வாடை அடிக்கும். கடல் தூக்கிப் போடும். சின்ன வள்ளம் வைத்திருக்கிறவர்கள் அந்த நாட்களில் முக்கால்வாசி கரையில்தான். வலை பொத்துவார்கள், சிலர் வாவிக்கு இறால் பிடிக்கப் போவார்கள், சிலர் குடிப்பார்கள். கையில் காசு இருக்காது, கடன் பிந்தும். எங்கட அப்பாவும் அந்த மாதங்களில் விறாந்தையில்தான் குந்தியிருப்பார். கடல் இரைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

சித்திரை, வைகாசியில் போகவில்லை என்றால் அது வேறு கதை. அப்படி என்றால் எனக்கும் பயம் வரும்.


கல்லடிப் பாலத்தடி
செவ்வாய், இரவு 10.48

அக்கா. தாளை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். மாதம் இல்லை.

'கடலைத் தவிர்த்தல்' என்று ஐந்து பேரும் எழுதினோம். ஐந்து தாளிலும் இருந்த சொல். ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே எழுதும்போது கூட, 'என்ன' என்ற பகுதியில் பிரச்சினையில்லை, 'ஏன்' என்பதில்தான் என்று பெருமையாகச் சொன்னேன். மீனவர் குடும்பத்தில் பிறந்த ஒரு ஆள் எங்கள் ஐவரில் இல்லை. கல்லடிப் பாலத்தைத் தினமும் கடக்கிறேன், கடல் சத்தம் கேட்டுத்தான் நித்திரை கொள்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.


ஓய்வுபெற்ற கணிதம்
புதன், காலை 5.50

'தவிர்த்தல்' என்று எழுதியபோதே ஊகம் உள்ளே வந்துவிட்டது பிள்ளை. 'போகவில்லை' என்பதுதான் தாளில் இருந்தது.


தறிச்சத்தம்
புதன், காலை 8.30

சேர், அதை நான் எழுதிச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

பெர்சன்ஸ் முதல் குய்கென் வரை நான் சொன்ன ஆய்வுகளில் எல்லாம், எழுதுகிறவர்களுக்குக் கிடைத்தது ஒரு பதிவு அல்லது ஒரு தாள். திருப்பிக் கேட்க ஆள் இல்லை. எங்களுக்கு ஆள் எதிரில் இருக்கிறார், அப்படியிருந்தும் தாளை வாசிக்கிற மாதிரி அவரை வாசித்துவிடுகிறோம்.

தங்கச்சி, அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு யோசனை. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், தாளில் இருந்த சொல் அப்படியே. வலப்பக்கம், நீங்கள் ஊகிப்பது. ஒவ்வொரு ஊகத்துக்கும் கீழே, அடுத்த கிழமை அந்த ஆள் என்ன சொன்னால் இதை அடித்துவிடுவேன் என்று ஒரு வரி. குடிதான் காரணம் என்றவர், 'ஒரு மாதம் குடியை விட்டும் படபடப்பு அப்படியே இருந்தால்' என்று எழுதட்டும். திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், நாளாந்தம் குடிக்கிறவருக்கு வலிப்புக்கூட வரலாம், முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தம்பியின் இழப்பு என்றவர், 'தம்பியைப் பற்றிக் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சிரித்துக் கதைத்தால்' என்று எழுதலாம், அதுவும் உறுதியான சோதனை இல்லை. அந்த வரியை எழுத வராவிட்டால் ஊகத்தையே எழுத வேண்டாம்.


திருக்கோவில் அலை
புதன், காலை 9.40

நான் சேர்க்க விரும்புவது: தாள்களைத் தனித்தனியாக எழுதி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் கதைத்தால் மூத்தவர் சொன்னதுதான் முடிவு. எங்கள் பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் அப்படித்தான் முடிந்துவிடுகிறது, எல்லோரும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்". அந்த மிஸ் சில நாள் நான்தான்.


கல்லடிப் பாலத்தடி
புதன், இரவு 8.00

கோடு போட்ட தாளை அடித்து வைத்துவிட்டேன். பயிற்றுநருக்கும் தொலைபேசி எடுத்தேன், எந்த மாதம் என்று கேட்க. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாதத்தை நான் யோசிக்கவே இல்லை" என்றார்.

கணித சேர், ஒரு உதவி. சனிக்கிழமை முடிந்ததும் எங்கள் ஐவருக்கும் கப்பா எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தருவீர்களா? இரண்டு பேருக்கு மேல் என்றால் வேறு முறை என்று எங்கோ வாசித்தேன்.


ஓய்வுபெற்ற கணிதம்
வியாழன், காலை 5.45

இரண்டு பேருக்கு மேல் என்றால் ஃப்ளைஸ் 1971 இல் தந்த கப்பா இருக்கிறது, அது பிரச்சினையில்லை. ஆனால் ஒரே ஒரு கேஸை வைத்துக்கொண்டு கப்பா கேட்கக் கூடாது பிள்ளை, அது ஒரு பந்து போட்டுவிட்டுச் சராசரி கேட்பது மாதிரி. இருபது, முப்பது கேஸாவது வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து பேரும் ஒரே பட்டியலில் இருந்து தெரிவு செய்திருக்கவும் வேண்டும்.


கல்லடிப் பாலத்தடி
வியாழன், காலை 7.20

இருபதா! மாதத்துக்கு ஒன்று என்றால் இரண்டு வருடம் பிடிக்கும் சேர்.

எழுவான்கரை அக்கா, கற்பனைக் கேஸ் எழுதித் தர உங்களுக்கு விருப்பமா? உங்கள் கதை வேண்டாம். மாதம், காற்று, கடன் எல்லாம் போட்டு.


எழுவான்கரை மகள்
வியாழன், இரவு 11.50

ஒன்று எழுதித் தருகிறேன். மாதம் போடுவேன். மனிசி என்ன சொன்னா என்பதையும் போடுவேன், உங்கள் தாளில் அவ கூட்டிக்கொண்டு வந்தா என்பதைத் தவிர அவவுக்கு ஒரு வரியும் இல்லை.